பழைய தோற்பைக்குப் புது வண்ணம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



கல்வியின் மேன்மை குறித்தும் உரிமைப் போராட்டங்கள் குறித்தும் அறிஞர் பலர் இம்மேடையில் உரையாற்றினர். நமக்கு அளிக்கப்பட்ட பொருளோ, நைந்து நிறம் மங்கிய பழைய தோல் கைப்பைகளை வீட்டிலேயே செப்பனிட்டு மீண்டும் வண்ணம் ஏற்றும் முறை. இத்தலைப்பைக் கண்டதும் இளைஞர் சிலர் முகம் சுளித்திருக்கக்கூடும். தோலைத் தொட்டதைக் காட்டித்தானே நம்மைத் தள்ளி வைத்தார்கள், அந்தத் தோலிடமே மீண்டும் அனுப்புவதற்கா ஒரு கல்விக் கழகம் என்னும் வினா அவர்கள் உள்ளத்தில் எழுவது இயல்பே. அது நேர்மையான வினா. அதற்கு விடை கூறாமல் செய்முறைக்குச் செல்வது முறையன்று.

இழிவு எங்கே இருந்தது?

கவலை கட்டிக் கிணற்று நீரை இறைத்த தோற்பையை நம்மில் பலருடைய முன்னோரே தைத்தனர். அந்நீரில் விளைந்த நெல்லை ஊரார் அனைவரும் உண்டனர்; செருப்பை அணிந்தனர். செய்த பொருள் ஊருக்குள் சென்றது. செய்தவர் மட்டும் ஊருக்கு வெளியே நின்றார். ஆகவே இழிவு தோலில் இருந்ததில்லை. இன்னாருக்குப் பிறந்தவர் இதையே செய்ய வேண்டும், கூலி என்று எதைக் கொடுத்தாலும் பெற்றுக்கொள்ள வேண்டும், மறுத்துப் பேசக்கூடாது என்ற கட்டாயத்திலேதான் இழிவு இருந்தது.

1927ஆம் ஆண்டு மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், இறந்த கால்நடைகளை இழுத்துச் செல்லும் வழக்கத்தைக் கைவிடுமாறு நம் மக்களை வேண்டினார். 1936இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' நூலில், சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே தட்டுத் தட்டாகப் பிரித்து வைப்பது என்று விளக்கினார். பிறப்பினால் சுமத்தப்படும் தொழிலை உதறுவதும், அறிவினால் தெரிந்தெடுக்கும் தொழிலைக் கற்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முன்னதைச் செய்தவனுக்கே பின்னதற்கு உரிமை பிறக்கின்றது.

சென்னை அடையாற்றில் 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பம் ஒரு பட்டப் படிப்பு. நம் முன்னோர் கையில் இருந்தபோது தீட்டு எனப்பட்டது, இன்று ஆய்வுக்கூடத்தில் அறிவியலாக விளங்குகின்றது. அவ்வறிவியலின் ஒரு சிறு பகுதியையே இன்று நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

முன்னோர் அறிந்திருந்தவை

பையைத் தொடுமுன் தோலை அறிய வேண்டும். பச்சைத் தோல் அழுகாமல் காப்பதே பதனிடுதல். நம் நாட்டில் ஆவாரம் பட்டையின் துவர்ப்பைக் கொண்டு தோலைப் பதனிட்டனர். பட்டை மட்டும் இட்ட தோல் வெளிச்சம் பட்டால் செந்நிறம் கொள்ளும். அதைத் தடுக்க இறுதியில் கடுக்காய் நீரில் ஊறவைத்தனர். பின்னர்ப் புங்க எண்ணெயோ நல்லெண்ணெயோ பூசினர். இம்முறையில் பதனிட்ட தோல் 'ஈ.ஐ. லெதர்' என்னும் பெயரில் 2008இல் தமிழ்நாட்டிற்குரிய புவிசார் குறியீடு பெற்றது. எந்தத் துவர்ப்புக்கு எந்தத் துவர்ப்பு துணையாகும் என்று கண்டறிந்தவர்களை எழுத்தறியாதவர் என்று சொல்லலாம். அறிவற்றவர் என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.

மற்றொரு முறை குரோமிய உப்பினால் பதனிடுவது. இன்று வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் பெருமளவில் வழங்குவது இதுவே. குரோமியத் தோல் மென்மையானது, வெப்பத்தைத் தாங்கவல்லது. பட்டைத் தோல் விறைப்பானது. நீர் பட்டால் கறை பிடிக்கும். நாளாக ஆகப் பழுப்பேறி அழகு பெறும்.

முதற்படி: ஆராய்தல்

கையில் உள்ள பை தோல்தானா என்பதே முதல் வினா. வெட்டுண்ட ஓரத்தை உற்று நோக்குக. இழை இழையாகத் தெரிந்தால் தோல். துணியின் மேல் மெழுகியது போன்ற பூச்சு தெரிந்தால் ரெக்சின். உரிந்துபோன ரெக்சினுக்கு வண்ணம் தீட்டுவது வீண் உழைப்பு.

அடுத்து, அடிப்பாகத்தில் மறைவான ஓரிடத்தில் ஒரு துளி நீர் விடுக. துளி முத்துப்போல் நின்றால் மேற்பூச்சு உள்ள தோல். உடனே உறிஞ்சிக் கருத்தால் பூச்சில்லாத் தோல். இதனை மிகுந்த கவனத்துடன் கையாள வேண்டும்.

மிகப் பழைய பட்டைத் தோல் பைகளைத் தடவினால் கையில் செந்நிறப் பொடி ஒட்டுவதுண்டு. காற்றிலுள்ள அமிலப் புகையால் தோலின் இழையே சிதைந்ததன் அடையாளம் அது. அதனை மீண்டும் பழைய நிலைக்குக் கொணர இயலாது. அத்தகைய பையைக் கொண்டுவருபவரிடம், இதனை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள், தோளில் மாட்டாதீர்கள் என்று உண்மையைக் கூறிவிட வேண்டும். இயலாததை இயலாது என்பதும் தொழில் அறிவின் ஒரு பகுதியே.

இரண்டாம் படி: தூய்மை

பையைக் கவிழ்த்துத் தட்டி, உள்துணியை வெளியே இழுத்துத் தூசியைத் துடைக்க வேண்டும். மழைக்காலத்துப் பூசணம் படர்ந்திருப்பின், வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துத் தூரிகையால் நீக்குக. பின்னர் நிழலில் காற்றாட உலர்த்துக. கடும் வெயிலும் அடுப்பங்கரைச் சூடும் தோலைச் சுருக்கி வெடிக்கச் செய்யும்.

தோல் சிறிது அமிலத் தன்மை வாய்ந்தது. சலவைச் சோப்பும் சோடாவும் காரத் தன்மை வாய்ந்தவை. ஆகவே அவற்றைத் தொடக்கூடாது. மென்மையான ஷாம்பு சில துளிகளை நீரில் கலந்து, நுரையை மட்டும் பருத்தித் துணியில் எடுத்து முழுப் பரப்பையும் ஒரே சீராகத் துடைத்து, பிழிந்த ஈரத் துணியால் நுரையை எடுத்துவிட வேண்டும். ஓரிடத்தை மட்டும் நனைத்தால் அவ்விடம் திட்டாகக் காயும்.

பித்தளைக் கொக்கிகளைப் புளியிட்டுத் துலக்குவது நம் வீட்டு வழக்கம். பையில் அது கூடாது. புளிச்சாறு தோலில் இறங்கிக் கறையாகும். அவ்வாறே இரும்பு நாரால் தேய்ப்பதும் தீங்கு. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி சேர்த்துக் கரிய மை காய்ச்சிய நாடு இது. அன்னபேதி இரும்பின் உப்பு. இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கருமை பிறக்கும். பட்டைத் தோலில் சிக்கிய இரும்புத் துகள், ஈரம் பட்டவுடன் அதே கருமையைப் புள்ளி புள்ளியாகக் காட்டும். பின்னர் அதனை நீக்குவது எளிதன்று.

மூன்றாம் படி: செப்பனிடல்

வண்ணத்திற்கு முன்பே தையலை முடித்துவிட வேண்டும். தேன்மெழுகு பூசிய உறுதியான நூல், இரண்டு ஊசிகள், ஒரு குத்தூசி போதும். பழைய துளைகள் வழியாகவே இருபுறமிருந்தும் இரண்டு ஊசிகளைச் செலுத்தித் தைத்தால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் தையல் முழுவதும் பிரியாது. புதிய துளை இட்டால் தோல் கிழியும்.

பிறகு, பழைய பூச்சும் எண்ணெய்ப் பசையும் நீங்க, பஞ்சில் சிறிதளவு அசிட்டோன் தோய்த்து, முதலில் மறைவிடத்தில் சோதித்துவிட்டு, மெல்லத் துடைக்க வேண்டும். இது விரைந்து தீப்பற்றும் பொருள். சன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், குழந்தைகள் அருகில் இல்லாதபோது, கையுறை அணிந்து செய்க. சொரசொரப்பான இடங்களை 600 எண் உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்கலாம். வெடிப்புகளைத் தோலுக்குரிய நிரப்பும் பசையால் மெல்லிய படலங்களாக நிரப்பி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் மட்டமாக்க வேண்டும்.

நான்காம் படி: வண்ணம்

சாயம் வேறு, வண்ணப் பூச்சு வேறு. சாயம் தோலின் உள்ளே ஊறும்; பழைய நிறத்தை ஆழமாக்க மட்டுமே அதனால் முடியும்; கரிய பையை வெளிறச் செய்ய இயலாது. அக்ரிலிக் வண்ணப் பூச்சு தோலின் மேலே படியும். தழும்பையும் நிற வேறுபாட்டையும் மறைக்கும். மேற்பூச்சு உள்ள பைகளுக்குப் பின்னதே ஏற்றது. சுவருக்குத் தீட்டும் வண்ணமும் காலணிப் பாலிஷும் இவற்றுக்கு ஈடாகா. சுவர் வண்ணம் மடிப்பில் உதிரும்; பாலிஷ் உடுத்த புடவையில் ஒட்டும்.

பழைய நிறத்தைக் கண்டறிய, வெயில் படாத மடிப்பின் உட்புறத்தை நோக்குக. சிவப்பும் மஞ்சளும் கலந்து, கருப்பைத் துளித் துளியாகச் சேர்த்தால் பழுப்பின் பல சாயல்களும் கிடைக்கும். ஈரத்தில் ஒரு நிறமும் காய்ந்தபின் வேறு நிறமும் தோன்றுமாதலால், சோதனைத் துளி நன்கு காயும்வரை பொறுத்திருந்து முடிவு செய்க.

கொக்கிகளைத் தாளால் மறைத்துவிட்டு, சிறு ஸ்பாஞ்சினால் மிக மெல்லிய பூச்சாகத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே அரை மணி நேரமாவது காயவிட்டு, பையைச் சற்று வளைத்துக் கொடுத்து, அடுத்த பூச்சுக்குச் செல்க. கனமான ஒரு பூச்சு வெடிக்கும். மெல்லிய மூன்று, நான்கு பூச்சுகள் நிலைக்கும். அதன் மேல் காப்புப் பூச்சு ஒன்றிட்டு 24 மணி நேரம் தீண்டாமல் வைக்க வேண்டும். சில நாட்கள் கழித்தே பயன்படுத்துதல் நலம்.

பாதுகாப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவுவோர் உளர். அது தோலைக் கருக்கச் செய்யும். நாளடைவில் சிக்குவாடை வீசும். தோலுக்குரிய மெழுகுக் களிம்பைச் சிறிதளவு பூசித் துணியால் மெருகேற்றினால் போதும். உள்ளே வெள்ளைத் தாள் திணித்து, பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் பூசணம் மீண்டும் வரும்.

விலை சொல்லக் கற்போம்

இவ்வேலைக்குரிய தோலும் பொருள்களும் சென்னைப் பெரியமேட்டுக் கடைகளில் கிடைக்கின்றன. பெரிய இயந்திரம் ஏதும் வேண்டாம். பழைய பைக்கு உலகில் மதிப்பும் உண்டு. 1941இல் நியூயார்க்கில் தொடங்கப்பெற்ற கோச் நிறுவனம், தான் விற்ற பழைய பைகளைத் திரும்பப் பெற்று, செப்பனிட்டு, மீண்டும் விற்கும் திட்டத்தை 2021இல் தொடங்கியது. அங்கே செப்பனிடுவோரை எவரும் வாசலுக்கு வெளியே நிறுத்துவதில்லை.

இளைஞர்களே! இத்தொழிலை மேற்கொள்ள விரும்புவோர் ஒன்றை உறுதியாகக் கொள்க. நம் முன்னோர் கொடுத்ததைப் பெற்றனர். நாம் விலை சொல்லிப் பெற வேண்டும். செலவிட்ட பொருளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, வேலை தொடங்குமுன்பே தொகையைக் கூறுக. ரசீது எழுதிக் கொடுக்க. செப்பனிட்ட பையைப் புதிது என்று விற்காதிருக்க. கைத்திறனும் கணக்கறிவும் வாய்மையும் ஒன்று சேர்ந்தவனை, தெருவோரத்தில் குனிந்திருப்பவன் என்று எண்ணி ஒருமையில் விளிக்க எவருக்கும் துணிவு வாராது.

விரும்பாதோர் இதனைக் கற்க வேண்டியதில்லை. மருத்துவராகலாம், வழக்கறிஞராகலாம், ஆட்சித் தலைவராகலாம். அதற்காகவே இக்கழகம் இருக்கின்றது. தோலைத் தொடாதிருக்கும் உரிமையும், தொட்டு அதில் வல்லவராகும் உரிமையும் இரண்டுமே நமக்கு வேண்டும். இரண்டில் எதைத் தெரிந்தெடுப்பது என்பதை நம் பிறப்பு முடிவு செய்யக்கூடாது; நம் கல்வி முடிவு செய்யட்டும்.