பாட்டு நிற்காதிருக்க



மரக்காணம் உப்பளக் கரையில் படுக்கையிலிருக்கும் முதியோரை வீடுகளில் சந்திக்கிறோம். சிலருக்குப் பிள்ளைகள் வாங்கித் தந்த ஸ்மார்ட் ஸ்பீக்கரே பகல் முழுவதும் துணை. ஆனால் அதற்குள் பாட்டு இல்லை. இணையத்தின் வழியாகவே வருகிறது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் போன்ற புயல் நாட்களில் மின்சாரம் போனால் வைஃபையும் பாட்டும் நின்றுவிடும். சென்னையிலுள்ள மகன் அதே கணக்கில் வேறு பாட்டுப் போட்டாலும் இங்கே நின்றுபோகலாம். எழுந்திருக்க முடியாதவர் என்ன செய்வார்?

ஆகவே, பெற்றோருக்குத் தனிக் கணக்கு வையுங்கள். வைஃபை பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் பேட்டரி வசதி செய்யுங்கள். சில பாட்டுகளைப் போனிலேயே பதிந்து கொடுங்கள். மாலையில் ஒருமுறை, "பாட்டு ஓடுகிறதா அம்மா?" என்று கேளுங்கள். அந்தக் குரலுக்காகவும் அவர்கள் காத்திருக்கிறார்கள்.