வலிப்பு மருந்தும் வாயில்லா உயிர்களும்



வலிப்பு கண்டு விழுந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் பழக்கம் தமிழர் வீடுகளில் நெடுங்காலமாக உண்டு. சாவி வலிப்பை நிறுத்துவதில்லை. மருந்துதான் அதனைக் கட்டுப்படுத்துகிறது. அந்த மருந்துகளில் பெரும்பாலானவை மனிதரிடம் வருமுன் எலிகளிடமும் பூனைகளிடமும் சோதிக்கப்பட்டவை. நோயாளியின் நலனுக்காக வாயில்லா உயிரைத் துன்புறுத்தலாமா? விடை தேடுமுன் நடந்த வரலாற்றைப் பார்ப்போம்.

1930-களில் மருத்துவர்களிடம் இருந்தவை முக்கியமாக இரண்டே மருந்துகள்: புரோமைடு, ஃபீனோபார்பிட்டல். இரண்டும் நோயாளியைத் தூக்கத்தில் ஆழ்த்தின. மயக்கம் தராமல் வலிப்பை மட்டும் தடுக்க முடியாதா என்று கேட்டனர் பாஸ்டன் நகர மருத்துவர்கள் ஹூஸ்டன் மெரிட்டும் டிரேசி புட்னமும். பூனைகளுக்கு மின்சாரம் செலுத்தி, எந்த அளவில் வலிப்பு தொடங்குகிறது என்று அளந்தனர். பிறகு மருந்து கொடுத்து மீண்டும் அளந்தனர். அப்படிக் கிடைத்ததுதான் ஃபெனிடாயின். ஜெர்மனியில் 1908-இலேயே தயாரிக்கப்பட்ட பொருள் அது. நோயாளிகளிடம் அது பலன் தந்ததை 1938-இல் அவர்கள் வெளியிட்டனர்.

வால்புரோயிக் அமிலத்தின் கதை வியப்பானது. பிரான்சில் அது வேறு பொருள்களைக் கரைக்கும் திரவமாகவே பயன்பட்டது. எதைக் கரைத்துக் கொடுத்தாலும் விலங்குகளுக்கு வலிப்பு வராமல் போகவே, கரைத்த திரவமே மருந்து என்று 1960-களின் தொடக்கத்தில் புரிந்தது.

இந்த வெற்றிகளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆய்வுக்கூடங்களில் இரண்டு சோதனைகள் வழக்கமாயின. ஒன்று மின்னதிர்ச்சி, மற்றொன்று வலிப்பூட்டும் ரசாயன ஊசி. இரண்டிலும் நலமாக இருக்கும் எலிக்கு வலிப்பு வலிந்து உண்டாக்கப்படுகிறது. நோயாளிக்கோ வலிப்பு தானாகவே மீண்டும் மீண்டும் வருகிறது. இந்த வேறுபாடு சிறியதன்று.

லெவெடிராசெட்டம் இதற்குச் சான்று. அந்த இரண்டு சோதனைகளிலும் அது தேறவில்லை. மூளையில் சிறிய மின்தூண்டலை மீண்டும் மீண்டும் கொடுத்து, வலிப்புக்கு ஆளாகும் தன்மை ஏற்படுத்தப்பட்ட எலிகளிடம்தான் அது பலன் தந்தது. 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அம்மருந்து இன்று உலகெங்கும் பயன்படுகிறது. பழைய சல்லடையை மட்டும் நம்பியிருந்தால் அது குப்பைக்குப் போயிருக்கும்.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கிறது. அவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மருந்துகளால் வலிப்பு முழுமையாக அடங்குவதில்லை. ஒரே வகைச் சோதனை ஒரே வகை மருந்தையே தேர்ந்தெடுக்கும் என்ற குறை நெடுநாளாகச் சொல்லப்படுகிறது.

ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். விலங்கு வேண்டுமா வேண்டாமா என்பதோடு, அதன் துன்பத்தால் உண்மை விளங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் மூன்று நெறிகளை வகுத்தனர்: முடிந்தால் மாற்று வழி காண்க, எண்ணிக்கையைக் குறைக்க, வலியைத் தணிக்க. வரிக்குதிரை மீனின் குஞ்சுகளும், மனித உயிரணுக்களிலிருந்து வளர்க்கப்படும் நரம்பணுக்களும் இன்று ஆய்வில் உதவுகின்றன. எனினும் முழு மூளையில், முழு உடலில் மருந்து என்ன செய்யும் என்பதை அவை முற்றிலும் காட்டிவிடுவதில்லை.

எதையும் விளக்காத சோதனைக்கு ஓர் எலியும் வீணாகக்கூடாது. அதேபோல், இத்தனை உயிர்களின் விலையில் வந்த மாத்திரையை, "வலிப்பு நின்றுவிட்டதே" என்று மருத்துவரைக் கேளாமல் பாதியில் நிறுத்துவதும் தகாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம்.