காய்ச்சல் விட்ட பிறகு வரும் வாதம்



வைரஸுக்கும் மூளை இரத்தக் குழாய் அடைப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய கருத்தரங்கைப் பனமரத்துப்பட்டியில் ஏன் கூட்ட வேண்டும், சேலத்தில் கூட்டினால் ஆகாதா என்று சிலர் கேட்டார்கள். தாராளமாக ஆகும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேன் இருக்கிறது, கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது, நரம்பியல் வல்லுநர்கள் இருக்கிறார்கள். ஆனால், கை கால் விழுந்து அங்கே போய்ச் சேரும் ஒருவருக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் என்ன வந்தது என்பது அந்த வார்டில் யாருக்கும் தெரியாது. கேஸ் ஷீட்டில் சர்க்கரை இருக்கும், இரத்தக் கொதிப்பு இருக்கும், பீடி இருக்கும். சித்திரையில் வீட்டில் அம்மை போட்டிருந்தது இருக்காது. நெற்றியில் அக்கி வந்து ஆறியது இருக்காது. அதையெல்லாம் அறிந்தவர்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். அரளிக் காட்டில் கூடவே மொக்குப் பறித்தவர்களுக்கும், வாரம் ஒருமுறை வாசலில் வந்து நிற்கும் செவிலியருக்கும் தெரிந்த அந்தச் செய்தி, எழுதப்படாமலே போய்விடுகிறது. நாம் இங்கே கூடியிருப்பது அதை எழுத வைக்கத்தான்.

பக்கவாதத்தில் பெரும்பகுதி, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டு வருவது. மீதி, குழாய் வெடித்து வருவது. இன்றைய பேச்சு முதல் வகையைப் பற்றியது. அடைப்புக்குக் காரணம் கேட்டால் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, புகை, இதயத் துடிப்புக் கோளாறு என்று எந்த மாணவரும் சொல்லிவிடுவார். அவை அத்தனையும் உண்மை. ஆனால் பதினைந்து வருடமாகக் கொதிப்போடு நடமாடிய மனிதருக்கு ஏன் இந்தச் செவ்வாய்க்கிழமை வாதம் அடித்தது, போன மாதம் ஏன் அடிக்கவில்லை? இந்தக் கேள்விக்கு அந்தப் பட்டியலில் விடை கிடையாது.

விடையின் ஒரு பகுதி 2004ஆம் ஆண்டில் வந்தது. லயம் ஸ்மீத்தும் அவருடைய கூட்டாளிகளும் பிரிட்டனின் குடும்ப மருத்துவர்கள் வைத்திருந்த பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கையாண்ட முறை எளியது, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நோயாளியை வேறொருவரோடு ஒப்பிடாமல், அவரை அவரோடேயே ஒப்பிட்டார்கள். சளிக்காய்ச்சல் வந்த நாட்களையும் வராத நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதே மனிதர், அதே சர்க்கரை, அதே பீடி. சுவாசப் பாதைத் தொற்று வந்த முதல் மூன்று நாட்களில் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்காக ஏறியிருந்தது. பிறகு வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கியது. தடுப்பூசி போட்டுக்கொண்ட நாட்களைப் பார்த்தபோது அப்படிப்பட்ட ஏற்றம் இல்லை. அதே ஆய்வில் சிறுநீர்த் தொற்றுக்குப் பிறகும் ஆபத்து கூடியிருந்தது, அவ்வளவு உயரத்துக்கு இல்லாவிட்டாலும். அதனால் எல்லாப் பழியையும் வைரஸ் மேல் போட்டுவிட முடியாது. உடம்பில் தொற்று மூண்டால் அழற்சி ஏறுகிறது, தட்டணுக்கள் ஒட்டும் குணம் பெறுகின்றன, நீர்ச்சத்து குறைகிறது, குழாயின் உட்சுவரில் ஏற்கெனவே இருக்கும் கொழுப்புத் திட்டு பிளக்கிறது. எந்தக் கிருமியானாலும் நடக்கும் பொதுவான கதை இது.

கொரோனாவில் இதையே உலகம் முழுதும் பார்த்தோம். 2020 வசந்தத்தில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் இரண்டே வாரத்தில் 50 வயதுக்குக் கீழே ஐந்து பேர் பெரிய குழாய் அடைப்போடு வந்தார்கள். அவர்களில் இளையவருக்கு வயது 33. அடுத்த ஆண்டு சுவீடனில் 86,742 கொரோனா நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வும், நோய் வந்த முதல் வாரத்தில் அடைப்பு வாதம் சுமார் மூன்று மடங்கு என்றே சொன்னது. அந்த நாட்களை இங்கே உள்ள எல்லோரும் கடந்து வந்திருக்கிறீர்கள். நான் விரிக்கத் தேவையில்லை.

நான் விரித்துப் பேச விரும்புவது அக்கியைப் பற்றி. அது பொதுவான கதைக்குள் அடங்காதது. மற்றத் தொற்றுகள் தூரத்தில் நின்று குழாயைக் கெடுக்கின்றன. அக்கியைத் தரும் சின்னம்மை வைரஸோ குழாயின் சுவருக்குள்ளேயே போய்க் குடியேறுகிறது.

சின்னம்மை ஆறினாலும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடக்கிறது. வயது ஏறும்போதோ எதிர்ப்புச் சக்தி இறங்கும்போதோ விழித்து, நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதுதான் அக்கி. முகத்துக்கு உணர்வு தரும் முப்பெரும் நரம்பின் முடிச்சிலிருந்துதான் மூளையின் பெரிய தமனிகளுக்கும் நரம்பிழைகள் போகின்றன. ஆக, கிளம்பும் வைரஸுக்கு இரண்டு பாதைகள் திறந்திருக்கின்றன. ஒன்று நெற்றித் தோலுக்கு, மற்றொன்று தமனியின் வெளிச்சுவருக்கு. வெளியிலிருந்து உள்ளே அது முன்னேற முன்னேற, நடுவில் உள்ள தசை அடுக்கு மெலிகிறது, உள் அடுக்கு தடிக்கிறது, இரத்தம் போகும் வழி குறுகுகிறது.

கண்ணெதிரே இது எப்படி வரும் என்று சொல்கிறேன். அறுபதைக் கடந்த ஒரு பெண்மணி. இடப்பக்க நெற்றியில் தொடங்கிப் புருவத்தைத் தாண்டி மூக்கின் நுனிவரை கொத்துக் கொத்தாகக் கொப்புளம். நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை. மண்பாண்டம் செய்பவரிடம் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்கிறார். பத்து பதினைந்து நாளில் காய்ந்து உதிர்கிறது. தழும்பும் எரிச்சலும் மிஞ்சுகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் அவருடைய வலது கை செம்பைப் பிடிக்கவில்லை, பேச்சு குழறுகிறது. தழும்பு இடப்பக்கம், வாதம் வலப்பக்கம். மூளையின் இடப்பாதிதான் உடம்பின் வலப்பாதியை ஆள்கிறது என்பதை அறிந்தவருக்கு இந்தக் குறுக்குக் கணக்கு ஒன்றே போதும், சந்தேகம் எழ. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இத்தனை வாரம் ஓடிவிட்டதால், அக்கியை யாரும் சொல்வதில்லை. டாக்டரும் கேட்பதில்லை.

அக்கி எழுதியவரைக் குறை சொல்ல இங்கே நான் நிற்கவில்லை. வலியில் துடித்தவருக்கு ஆறுதல் தந்தவர் அவர். கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் மாத்திரை தொடங்க வேண்டும் என்பதை அவருக்கும் சொல்லிவைத்தால், முதல் தகவல் நமக்கு அவரிடமிருந்துதான் வரும். பிரிட்டனில் 6,584 நோயாளிகளை வைத்து 2014இல் வந்த ஆய்வில், அக்கி வந்த முதல் நான்கு வாரத்தில் பக்கவாத ஆபத்து 63 விழுக்காடு கூடியிருந்தது. கண்ணைச் சுற்றி வந்தவர்களுக்கு ஐந்தாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை ஏறத்தாழ மூன்று மடங்கு. வைரஸ் மாத்திரை உட்கொண்டவர்களிடம் அந்த ஏற்றம் குறைவாக இருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த வைரஸால் மூளைக் குழாய் கெட்டதாக உறுதியான 30 பேரை 2008இல் ஆராய்ந்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குத் தோலில் கொப்புளமே வந்திருக்கவில்லை. முதுகுத் தண்டு நீரில் வைரஸின் மரபணுவைத் தேடினால் பத்தில் மூன்று பேரிடம்தான் அகப்பட்டது. அதே நீரில் எதிர்ப்புப் புரதத்தைத் தேடியபோது 93 விழுக்காட்டினரிடம் கிடைத்தது. மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில் இல்லை என்று வந்ததும் கோப்பை மூடிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த நோயில் அது கூடாது. சரியாகக் கண்டுகொண்டால், இரத்த நாளத்தில் அசைக்ளோவிர் ஏற்றிச் சிகிச்சை செய்யக்கூடிய அரிய வகைப் பக்கவாதம் இது.

அக்கி பழைய சின்னம்மை விழித்தெழுவதுதான் என்பதை உலகுக்குத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன். பெரிய ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் குடும்ப மருத்துவராக இருந்தவர். தம்மிடம் வந்துபோகும் சுமார் 3,500 பேரில் யாருக்கு எப்போது அக்கி வந்தது என்று 16 ஆண்டுகள் விடாமல் குறித்தார். 1965இல் அதை வெளியிட்டார். வைரஸை மரபணு அளவில் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி அன்று இல்லை. அவர் கையில் இருந்தவை குறிப்பேடும் பொறுமையும், தம் ஊர் மக்களைப் பெயர் சொல்லி அறிந்த நெருக்கமும். பனமரத்துப்பட்டியில் உட்கார்ந்திருக்கும் இளம் மருத்துவர்களுக்கு என் மனதில் இருக்கும் முன்மாதிரி அவர்தான்.

குழந்தைகளைப் பற்றிச் சுருக்கமாக. சின்னம்மை ஆறி ஆறு மாதம், ஓராண்டு ஆன பிறகுகூட, ஓடி விளையாடும் பிள்ளைக்கு ஒரு பக்கம் தளர்ந்துபோகலாம். கனடாவில் 2001இல் வந்த ஆய்வில், பக்கவாதம் வந்த சிறு பிள்ளைகளில் 31 விழுக்காட்டினருக்கு அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் சின்னம்மை வந்திருந்தது. மற்றப் பிள்ளைகளில் அது 9 விழுக்காடுதான். எல்லாக் குழந்தைகளையும் வைத்துப் பார்த்தால் இது மிக அபூர்வம், தாய்மார்களைப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் பிள்ளை ஒரு பக்கக் கையை அசைக்காமலே வைத்திருந்தால், "அம்மை இறங்கிய அசதி" என்று விட்டுவிடவும் வேண்டாம். சின்னம்மைத் தடுப்பூசி நம் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இன்னும் இல்லை. அதைப் பற்றி இரண்டாம் அமர்வு வெளிப்படையாகப் பேச வேண்டும்.

அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டுவதும், தாளிக்காமல் சமைப்பதும், அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும் நம் மரபு. அவற்றில் நான் கை வைக்க மாட்டேன். நான் செவிலியர்களிடம் கேட்பது ஒன்றுதான். அம்மை வந்த வீட்டில் மருந்தே ஆகாது என்று, பாட்டியின் கொதிப்பு மாத்திரையையும் தாத்தாவின் சர்க்கரை மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். அந்த மாத்திரைகள் நிற்கக் கூடாது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையோடு வாசலுக்குப் போகிறவர்கள், வேப்பிலையைக் கண்டதும் திரும்பிவிடாமல், வெளியில் நின்றாவது கேட்டுக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

நம் வட்டாரத்தைத் தொட்ட இன்னொரு வரலாறு உண்டு. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எடுத்த இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. சோதனை நடந்தது வேலூர் சி.எம்.சி.யில். பிறகு வந்த ஆண்டுகளில், லாரித் தொழிலை நம்பி வாழ்ந்த நாமக்கல், சங்ககிரிக் குடும்பங்கள் அந்த நோயால் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபின் அவர்கள் வாழ்கிறார்கள், மூப்படைகிறார்கள். அந்த மூப்போடு பக்கவாதமும் வருகிறது. எச்.ஐ.வி. தானே குழாயைக் கெடுக்கும். காசநோய், மேகப்புண், அக்கி ஆகியவற்றுக்கு வழிவிட்டும் கெடுக்கும். மலாவி நாட்டில் செய்த ஆய்வில், கூட்டு மருந்து தொடங்கிய முதல் ஆறு மாதங்களில்தான் ஆபத்து மிகுதி என்று கண்டார்கள். அதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது, அந்த ஆறு மாதம் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும். நாற்பது வயதில் வாதத்தோடு வரும் ஓட்டுநரிடம் எச்.ஐ.வி. சோதனையைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் மருத்துவர், அவருக்கு உதவுவதில்லை.

டெங்குவில் தட்டணு இறங்கி இரத்தம் கசிவதைத்தான் நாம் அஞ்சுகிறோம். ஆனால் 2018இல் தைவானிலிருந்து வந்த ஆய்வு, டெங்கு வந்த முதல் இரண்டு மாதங்களில் பக்கவாத ஆபத்து சுமார் இரண்டரை மடங்கு என்றது. குழாய்க்குத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்து வைக்கும் தெருக்களில் ஏடிஸ் கொசுவுக்குக் குறைவில்லை. காய்ச்சல் பருவத்தில் வாதத்தோடு வருபவருக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுமுன் தட்டணு எண்ணிக்கையைப் பார்த்துவிடுங்கள். ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் அந்த ஊசி ஆகாது. அதற்காக நான்கரை மணி நேரக் கெடுவைத் தவறவிட்டுவிடவும் கூடாது.

இனி, கோழி. நாமக்கல்லிலிருந்து கால்நடை மருத்துவ நண்பர்களை ஏன் அழைத்தோம் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். குஞ்சு பொரித்த அன்றே, பண்ணைக்கு வண்டி ஏறுமுன், அதற்கு மாரெக் நோய்த் தடுப்பூசி போடுகிறார்கள். முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு விடுகிறார்கள். மாரெக் நோயைத் தருவது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். அக்கி வைரஸுக்குத் தூரத்து உறவு. 1978இல் கேத்தரின் ஃபேப்ரிகன்ட்டும் கூட்டாளிகளும் அந்த வைரஸைக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு சேர்க்காத சாதாரணத் தீனி தின்ற கோழிகளின் தமனிகளிலேயே, மனிதருக்கு வருவதைப் போன்ற கொழுப்புத் தடிப்பு உண்டாகியிருந்தது. தடுப்பூசி போட்ட கோழிகளில் அது வராமல் நின்றது. வைரஸ் ஒன்று தமனியைக் கெடுக்கும், தடுப்பூசி அதைக் காக்கும் என்று முதலில் தெளிவாகக் காட்டிய உயிர் கோழிதான்.

லட்சக்கணக்கான கோழிகளுக்கு நாள் தவறாமல் தடுப்பூசி போடும் இந்த மண்ணில், அந்தக் கோழிகளை வளர்க்கும் பெரியவருக்கு ஃபுளூ தடுப்பூசி போட்ட வீடு எத்தனை இருக்கும்? கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 2022இல் வெளிவந்த ஆய்வில், ஃபுளூ ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் பக்கவாதம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஊசி போட்டுக்கொள்பவர்கள் பொதுவாகவே உடம்பைப் பேணுபவர்கள் என்பதால் அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள நான் தயங்குகிறேன். ஆனால் அதில் பாதி உண்மையாக இருந்தாலும் நமக்குப் பெரிது. அக்கிக்கான புதிய தடுப்பூசி 2023இல் இந்தியாவுக்கு வந்தது. அதன் விலை அரளி பறிக்கும் கைகளுக்கு எட்டாதது. அரசு அதை வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்க வேண்டுமானால், இங்கே எத்தனை பேருக்கு அக்கிக்குப் பின் வாதம் வருகிறது என்ற கணக்கு நம் கையில் இருந்தாக வேண்டும்.

அதற்கு நான் முன்மொழிவது நான்கு கேள்விகள். வாதம் வந்த ஒவ்வொருவரிடமும், பேச முடியாதவரானால் கூட வந்தவரிடம், கேட்டு எழுதுங்கள்: கடந்த ஒரு மாதத்தில் காய்ச்சல் வந்ததா? கடந்த ஓராண்டில் அக்கியோ அம்மையோ வந்ததா, உடம்பில் எந்தப் பக்கம்? அப்போது வைரஸ் மாத்திரை எடுத்தாரா? வழக்கமான கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் அந்த நாட்களில் நின்றனவா? பதில் "இல்லை" என்றாலும் எழுதுங்கள். ஆம் என்றவர்களை மட்டும் எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும். பனமரத்துப்பட்டி, இராசிபுரம், ஆட்டையாம்பட்டி, மல்லூர் வட்டாரங்களில் அடுத்த தைக்குள் இதைத் தொடங்க முடியுமா என்பதை இன்று மாலை அமர்வில் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

முதல் அமர்வை நாமக்கல்லிலிருந்து வந்திருக்கும் கால்நடை மருத்துவரிடம் ஒப்படைக்கிறேன். மாரெக் நோய் கண்ட கோழிகளின் தமனித் திசு வைத்த கண்ணாடித் தகடுகளை அவர் கொண்டுவந்திருக்கிறார். நுண்ணோக்கி ஒன்றுதான் இருக்கிறது, வரிசையில் நின்று அனைவரும் பார்த்துவிட்டுப் போய் உட்காருங்கள். மாணவர்கள் முதலில் வரட்டும்.