எந்த இடத்துல நிறுத்தினே?

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது. பேச்சு நடையிலேயே தருகிறோம்.)



போன வாரம் செயலாளர் அக்கா வீட்டுக்கு வந்து, "உங்க குழுவுல புத்தகம் படிச்சுட்டுப் பேசுறீங்களாமே, அதைப் பத்திக் கால் மணி நேரம் பேசு"ன்னு சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. கடன் வசூலைப் பத்திப் பேசச் சொன்னா எங்கே வேணும்னாலும் பேசிடுவேன். இது பழக்கமில்லை. அதனால நடந்ததை நடந்தபடி சொல்லிட்டு உட்கார்ந்திடறேன்.

எங்க குழுவில் 14 பேர். மேலத்தெருவும் காலனியும் சேர்ந்த குழு. 7 பேர் சரளமாகப் படிப்பாங்க. 4 பேர் எழுத்துக் கூட்டிப் படிப்பாங்க. 3 பேருக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சேமிப்பு, உள்கடன், தீர்மானம் எல்லாம் எழுதி முடிச்ச பிறகு அரை மணி நேரம் புத்தகம் பேசுவோம். படிக்கத் தெரியாதவங்களுக்கு யாராவது வாசிச்சுக் காட்டணும். பெரும்பாலும் அவங்க வீட்டுப் பிள்ளைகள்தான் வாசிக்குது.

புத்தகம் வாங்க எங்ககிட்ட காசு கிடையாது. நூலகத்துலதான் எடுக்கிறோம். சில பேர் ஓசிப் புத்தகம்னு கூச்சப்படுறாங்க. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க. நூலக வரின்னு ஒண்ணு இருக்கும். சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலா 1948-ல் நம்ம சென்னை மாகாணத்துலதான் பொது நூலகச் சட்டம் வந்துச்சு. அதுல வந்த வரி அது. நாம கட்டின காசு, நாம எடுக்கிற புத்தகம்.

முதல் ரெண்டு மூணு மாசம் ஒண்ணும் சரியா வரலை. "நல்ல புத்தகம்." "நல்ல கருத்து சொல்லியிருக்காங்க." அவ்வளவுதான், உட்கார்ந்திடுவாங்க. இல்லைன்னா முழுக் கதையையும் ஆதியோட அந்தமா சொல்லி முடிக்க மணி எட்டாகிடும், வீட்டுல உலை வைக்க ஓடணும். எனக்கும் அலுத்துப் போச்சு. அப்போ எங்க பிரதிநிதி ஒரு யோசனை சொன்னாங்க. "இனிமே கதை சொல்ல வேண்டாம், நல்லா இருக்குன்னும் சொல்ல வேண்டாம். படிக்கும்போது எந்த இடத்துல நிறுத்தினே, ஏன் நிறுத்தினே, அதை மட்டும் சொல்லு." இந்தக் கேள்வி வந்த பிறகுதான் பேச்சே ஆரம்பமாச்சு.

அந்த மாசம் படிச்சது ராஜம் கிருஷ்ணன் எழுதின 'கூட்டுக்குஞ்சுகள்'. நம்ம சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போன பிள்ளைகளைப் பத்தின நாவல். அந்த அம்மா உட்கார்ந்த இடத்துல கற்பனை பண்ணி எழுதறவங்க இல்லை. எந்த சனங்களைப் பத்தி எழுதணுமோ அந்த ஊருக்கே போய், கேட்டுத் தெரிஞ்சு எழுதுவாங்க. தூத்துக்குடி உப்பளத்து சனங்களைப் பத்தியும் அப்படித்தான் 'கரிப்பு மணிகள்' எழுதினாங்க. அவங்க உயிரோட இருக்கும்போதே, 2009-ல், தமிழக அரசு அவங்க புத்தகங்களை நாட்டுடைமை ஆக்கிடுச்சு. அதனால செல்போன்லகூட காசில்லாமப் படிக்கலாம்.

எங்க குழுவுல பாதிப் பேர் சின்ன வயசுல தீப்பெட்டி ஆபீஸ் போனவங்கதான். விடியுமுன்ன ஆபீஸ் பஸ் வந்து ஆரன் அடிக்கும். தூக்கக் கலக்கத்துல தூக்குச்சட்டியோட ஏத்தி விட்டிருவாங்க. எங்க குழுவுல ஒருத்தங்க, என்னைவிட மூணு வயசு மூத்தவங்க, அவங்களுக்கு மக வாசிச்சுக் காட்டியிருக்கா. அவங்க சொன்னாங்க: "நான் நிறுத்தச் சொன்னது பஸ் வர்ற இடத்துல. அதுக்கு மேல வாசிக்காதடின்னுட்டேன். என் மக, ஏம்மா, நீயும் இப்படிப் போனியான்னு கேட்டா. ஆமான்னு சொல்ல வாய் வரலை. விரல்ல கட்டை அடுக்கின தழும்பைக் காட்டினேன்."

சொல்லிட்டு அடுத்து ஒண்ணு சொன்னாங்க பாருங்க. "ஆனா எனக்கு அந்தப் புத்தகத்து மேல ஒரு வருத்தம் இருக்கு. பிள்ளைகளைப் பத்தி எழுதினாங்க, சரி. அனுப்பின தாய் மனசைப் பத்தி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்."

"என்னத்தை எழுதறது? பெத்த பிள்ளையை வேலைக்கு அனுப்பிட்டு அதுக்கு ஒரு நியாயமா?"ன்னு இன்னொருத்தங்க சண்டைக்கே வந்துட்டாங்க. 1986-லேயே சட்டம் போட்டு, 14 வயசுக்குக் கீழே தீப்பெட்டி வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு சொல்லியாச்சே, அதுக்கப்புறமும் அனுப்பினவங்களை என்ன சொல்றதுன்னு கேட்டாங்க. ரெண்டு பக்கமும் சத்தம். அப்போ மூலையில உட்கார்ந்து பூக் கட்டிக்கிட்டிருந்த ஒரு பெரியம்மா, கையெழுத்து மட்டும் போடத் தெரிஞ்சவங்க, கை வேலையை நிறுத்தாமலே சொன்னாங்க: "நான் அனுப்பினேன். சட்டம் வந்த பிறகுதான் அனுப்பினேன். முன்பணம் வாங்கியிருந்தோம். மூத்தவ போனா, சின்னவனைப் பள்ளிக்கூடத்துல போட்டோம். அவ இன்னைக்கும் எங்கிட்ட அதைக் கேட்டதில்லை. கேட்டுட்டாத் தேவலை."

அதுக்கு மேல யாரும் பேசலை. பத்து வருஷமா அந்தப் பெரியம்மா பக்கத்துல உட்கார்ந்து பாஸ் புத்தகம் எழுதியிருக்கேன். கறவை மாட்டுக் கடன் எவ்வளவு, தவணை எவ்வளவு, எல்லாம் எனக்கு மனப்பாடம். இது தெரியாது. புத்தகம் சரியா தப்பான்னு அன்னைக்கு முடிவாகலை. முடிவாகணும்னு ஒண்ணும் இல்லை. பெரியம்மா சொன்னதைக் கேட்டுட்டும் அந்தச் சண்டைக்காரி, "இருந்தாலும் தப்பு தப்புதான்"னுதான் எந்திரிச்சுப் போனாங்க. எனக்கு அதுவும் பிடிச்சிருந்தது.

அடுத்து வந்தது 'கருக்கு'. இதைச் சொல்றதுக்குத்தான் ராத்திரி தூக்கம் வராமப் புரண்டேன். பாமா 1992-ல் எழுதினது. அவங்க நம்ம மாவட்டத்துக்காரங்க, புதுப்பட்டி. தன் சொந்த வாழ்க்கையை, தன் சனங்க பேசுற பேச்சிலேயே எழுதியிருக்காங்க. கருக்குன்னா என்னன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பனை மட்டையில ரெண்டு பக்கமும் ரம்பம் மாதிரி இருக்குமே, அதுதான்.

முதல்ல வந்த கருத்து, "இது என்ன புத்தகம், நம்ம பேசுற மாதிரியே எழுதியிருக்கு, எழுத்துத் தமிழ் தெரியாதா அவங்களுக்கு?" எங்க ஊக்குநர் கேட்டது இது. அதுக்குக் காலனி அக்கா ஒருத்தங்க சொன்னாங்க, "எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கையில முதல் தடவையா ஒரு வார்த்தைக்கும் யார்கிட்டயும் அர்த்தம் கேட்கலை." அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

அந்த அக்காகிட்டயே, "எந்த இடத்துல நிறுத்தினீங்க?"ன்னு கேட்டேன். கேட்டது நான்தான். அந்தப் புத்தகத்துல ஒரு இடம் வரும். பள்ளிக்கூடம் விட்டு வர்ற சின்னப் பிள்ளை, தங்க தெருப் பெரியவர் ஒருத்தர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாம, நூலைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போய் ஒரு முதலாளிகிட்ட குடுக்கிறதைப் பார்க்கும். அதுக்குச் சிரிப்பு வரும். வீட்டுல போய்ச் சொன்னா, அண்ணன் சிரிக்க மாட்டார், அது சாதிக்காகன்னு விளக்கிச் சொல்வார். அந்த இடத்துல நிறுத்தினேன்னு சொன்னாங்க. ஏன்னு நான் கேட்கலை. கேட்காமலே சொன்னாங்க.

"உங்க வீட்டுத் தொழுவத்து மாடத்துல ஒரு டம்ளர் இருக்குமே மதினி, அடியில நெளிஞ்சது. அதை நினைச்சேன்."

குழு ஆரம்பிச்ச நாளிலிருந்து அந்த அக்கா எண்ணிக் குடுக்கிற காசை நான் கையில வாங்கியிருக்கேன். பேங்குக்கு ஒரே ஆட்டோவுல போயிருக்கோம். என் பேறுகாலத்துல ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தது அவங்கதான். வீட்டுக்கு வந்தா டீ மட்டும் அந்த டம்ளர்ல. மாமியார் காலத்து வழக்கம், நான் மாத்தலை. மாத்தணும்னு தோணலைங்கிறதுதான் உண்மை. அது நெளிஞ்ச டம்ளர்னுகூட எனக்குத் தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

மேலத்தெருப் பெண்கள் ரெண்டு பேர் எந்திரிச்சுட்டாங்க. "இதெல்லாம் பேசத்தான் புத்தகமா? வங்கிக் கடன் கையெழுத்தாகப் போற நேரத்துல குழு உடைஞ்சா யார் பொறுப்பு?" எனக்கும் அந்தப் பயம் இருந்துச்சு. அஞ்சு லட்சம் கடன், 14 பேர் கையெழுத்து. அன்னைக்கு நான் ஒரு வார்த்தை பேசலை. தீர்மானப் புத்தகத்தை மூடி வச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

மறுநாள் அந்த டம்ளரை எடுத்துப் பழைய பாத்திரக்காரர்கிட்ட போட்டேன். மாமியார் நாலு நாள் என்னோட பேசலை. அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்கா வரலை, சேமிப்புப் பணத்தை மகன்கிட்ட குடுத்து விட்டாங்க. அதுக்கடுத்த மாசம் கடன் பத்திரத்துல கையெழுத்துப் போட வீட்டுக்கு வந்தாங்க. நாங்க குடிக்கிற டம்ளர்ல டீ கொண்டு வந்து வச்சேன். "இப்பத்தான் குடிச்சுட்டு வர்றேன் மதினி"ன்னுட்டாங்க. கையெழுத்துப் போட்டாங்க, போயிட்டாங்க. டீ ஆறிப் போச்சு. அதை நான்தான் குடிச்சேன்.

குழு உடையலை. எந்திரிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தங்க புத்தகப் பேச்சு ஆரம்பிச்சதும் கிளம்பிப் போயிடறாங்க, அது அவங்க இஷ்டம். இன்னொருத்தங்க இருக்காங்க. போன கூட்டத்துக்கு அந்த அக்கா வந்தாங்க. 'கருக்கு'ல இன்னும் பாதி இருக்கு, அதைப் பேசி முடிக்காம வேற புத்தகம் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஆகவே இந்த மாசமும் அதே புத்தகம்தான்.

வேற குழுக்காரங்களும் படிக்கணும்னு கேட்டீங்க. எங்க நூலகத்துல ஒரே ஒரு பிரதி இருக்கு. அட்டை கிழிஞ்சதை நான் ஒட்டி வச்சிருக்கேன். வர்ற வெள்ளிக்கிழமை திருப்பிக் கட்டணும். வேணுங்கிறவங்க அதுக்கு முன்னால எங்கிட்ட சொல்லிடுங்க, உங்க பேர்ல மாத்திப் பதிஞ்சு தரச் சொல்றேன்.