லோ கியரைக் கேட்டு வாங்குங்கள்



ஆரணியில் என் நண்பன் ஒருவன், தறி வீட்டுப் பிள்ளை. ஜவ்வாது மலையிலிருந்து சாமை மூட்டை இறக்க, வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப் ஒன்று வாங்கினான். டிரான்ஸ்பர் கேஸ் உடைந்த வண்டி. செயினில் ஓடும் வேறு பெட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது; சத்தமும் குறைவு. "போட்டுடலாமாடா?" என்றான். நான் மூன்று கேள்வி கேட்டேன்.

ஒன்று, லோ கியர் எத்தனை? பழைய டானா 18 பெட்டியில் 2.46. அவன் வண்டியில் முதல் கியர் 2.8, ஆக்ஸில் 5.38. பெருக்கினால் 37. இன்ஜின் 37 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. லோ இல்லாவிட்டால் 15தான். ஏறுவதற்கு மட்டுமில்லைங்க, பாரத்தோடு இறங்கும்போதும் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் சூடாகிக் கைவிடாது.

இரண்டு, பின் ஷாப்ட் எங்கே வருகிறது? டானா 18-இல் வலப்பக்கம் ஒதுங்கி வரும். ஆக்ஸிலும் அதற்கேற்றபடி இருக்கும். நடுவில் வரும் பெட்டி என்றால் ஆக்ஸிலையும் மாற்றணும். மலிவு அங்கேயே போச்சு!

மூன்று, தார் ரோட்டிலும் நாலு சக்கரத்தைப் போட்டு ஓட்டுகிறாயா? வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் போகணும். பெட்டி விடாது, தாரில் டயரும் வழுக்காது. பல்சக்கரம் முறுக்கிக்கொள்ளும். பழைய பெட்டி உடைந்ததே அப்படித்தான்.

கடைசியில் டானா 18-ஐயே தேடிப் போட்டான். "சத்தம் போடுது, ஆனா பயமில்லாம மலை இறங்குறேன்டா" என்கிறான்.

தம்பிகளே, விலையைப் பார்க்குமுன் போகிற பாதையைப் பாருங்கள்.