குறைந்த கியர் ஆயில் எங்கே போனது?



கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் சம்பா நடவுக்குச் சேறடிக்கும் நாட்களில் டிராக்டரின் பின்பாதி தண்ணீரில்தான் வேலை செய்கிறது. கோமுகி அணைப் பாசனமானாலும் மணிமுக்தா அணைப் பாசனமானாலும், ஏரிப் பாசனமானாலும், கேஜ் வீல் பூட்டிய வண்டி சேற்றில் இறங்க, பின்னால் ரோட்டவேட்டரின் கத்தித் தண்டு முழுவதும் மூழ்கிச் சுழல்கிறது. அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங் இருப்பதும், அதைச் சுழற்றும் பற்சக்கரம் இருப்பதும் சேற்றுக்கு விரற்கடை தூரத்தில். வெளியே சேறும் மணலும். உள்ளே கியர் ஆயில். இரண்டுக்கும் நடுவே காவல் நிற்பது ரப்பர் விளிம்பு கொண்ட ஓர் ஆயில் சீல் மட்டுமே. பருவத்தின் நடுவில் ஆயில் குறைந்திருப்பது தெரிந்தால், பலரும் கடையில் ஒரு டப்பா வாங்கி ஊற்றிவிட்டு, வண்டியை மறுபடி வயலில் இறக்கிவிடுகிறார்கள். ஊற்றுவதில் பிழை இல்லை. ஏன் குறைந்தது என்று கேட்காமல் ஊற்றுவதுதான் பிழை. இந்த ஒன்றைத்தான் இன்றைக்கு வலியுறுத்த விரும்புகிறேன்.

எஞ்சின் ஆயிலையும் கியர் ஆயிலையும் நாம் ஒரே கண்ணோடு பார்த்துப் பழகிவிட்டோம். எஞ்சினில் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் ஆயில் எரிவது இயல்பு; அங்கே சிறிது குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். கியர் பெட்டிக்குள் நெருப்பு இல்லை, எரிவதும் இல்லை. ஆகவே அங்கே ஆயில் குறைந்தால் அது ஏதோ ஒரு வழியே வெளியே போயிருக்கிறது என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. அந்த வழி திரும்பவும் திறக்கும். நாள் முழுக்க ஓடிய கியர் பெட்டி நன்றாகச் சூடேறியிருக்கும். அதைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப, தேய்ந்த சீலின் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். பெட்டியின் மேல் காற்றுப் போக வர வைத்திருக்கும் பிரீதர் சேற்றால் அடைபட்டிருந்தால் இன்னும் மோசம்: சூடாகும்போது அழுத்தம் ஆயிலைச் சீல் வழியே வெளியே தள்ளும், குளிரும்போது அதே சீல் வழியே தண்ணீர் உள்ளே வரும். அப்படிப்பட்ட இடத்தில் புதுச் சீல் போட்டாலும் நெடுநாள் நிற்காது. பிரீதரைச் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை.

தண்ணீருக்குள்ளேயே வாழ்நாளைக் கழிக்கும் கியர் பெட்டிகளும் உலகில் உண்டு. வோல்வோ பென்டா நிறுவனம் 1959-இல் அறிமுகப்படுத்திய ஒரு படகு அமைப்பில் எஞ்சின் படகுக்குள் இருக்கும். கியர் பெட்டியும் புரொப்பெல்லரும் பின்புறம் தண்ணீருக்குள் தொங்கும். இன்று உலகெங்கும் உல்லாசப் படகுகளில் இந்த அமைப்பு புழங்குகிறது. இவற்றில் பலவற்றில் கியர் ஆயிலின் அளவு கண்ணுக்குத் தெரியும்படி எஞ்சின் அருகே ஒரு சிறு குப்பி வைத்திருக்கிறார்கள். அந்தக் குப்பியில் அளவு அடிக்கடி இறங்கினால் மேலும் மேலும் ஊற்றிக்கொண்டு ஓட்டாதே, கசிவைத் தேடு என்பதே அங்கே பாடம். கசிவுக்குக் காரணமாக அவர்கள் முதலில் பார்ப்பது புரொப்பெல்லர் தண்டில் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பை. கண்ணுக்கே தெரியாத அந்த நரம்பு சுழலச் சுழலச் சீலை அறுத்துவிடும். நம் வயலில் அதே வேலையைச் செய்பவை நைலான் கயிறு, வைக்கோல், கரும்புச் சோகை, அறுந்து கிடக்கும் சொட்டுநீர்க் குழாய். தூண்டில் நரம்பை எடுக்கப் படகுக்காரர் புரொப்பெல்லரைக் கழற்றுகிறார். நாமோ ரோட்டவேட்டர் தண்டின் முனையில் சுற்றிய கயிற்றை, அடுத்த பருவம் வரை அப்படியே விட்டுவிடுகிறோம்.

ஊற்றுவதற்கு முன் உள்ளே இருக்கும் ஆயிலிடமே காரணம் கேட்கலாம். வண்டியை ஓர் இரவு அசையாமல் நிறுத்திவைத்து, காலையில் அடிப் பிளக்கை மெல்லத் தளர்த்தினால், தண்ணீர் சேர்ந்திருந்தால் அதுவே முதலில் சொட்டும். ஆயிலைவிடத் தண்ணீர் கனமானது. ஆயில் பால் கலந்த காபிபோல் வெளுத்திருந்தால், தண்ணீர் அதனோடு கலந்து கடையப்பட்டுவிட்டது என்று பொருள். அளவு குறையாமல் கூடியிருந்தால் மகிழ வேண்டாம். கூடியது தண்ணீராக இருக்கலாம். காந்தப் பிளக்கில் மாவுபோல் சாம்பல் நிறப் பூச்சு ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் செதில்கள் வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. தண்ணீர் கலந்த ஆயிலின் மேல் புது ஆயிலை ஊற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. தண்ணீர் உள்ளேயே நின்று பேரிங்கைத் துருவேற்றும். முழுவதையும் வடித்து, வழியை அடைத்து, பிறகுதான் நிரப்ப வேண்டும்.

இனி, எதை ஊற்றுவது? டப்பாவின் மேல் இரண்டு செய்திகள் இருக்கும். ஒன்று, எஸ்.ஏ.இ. எண்: 90, 140, 80டபிள்யூ-90 என்று. இது ஆயிலின் பாகுத்தன்மையைச் சொல்கிறது. கியர் ஆயிலுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் அளவுகோல் வேறு. கியர் ஆயிலின் 90, எஞ்சின் ஆயிலின் 40 அல்லது 50-க்கு ஏறக்குறைய நிகர். எண் பெரிது என்பதால் இரு மடங்கு கெட்டி என்று எண்ண வேண்டாம். இரண்டாவது செய்தி, ஜி.எல்.4, ஜி.எல்.5 என்ற தரக் குறியீடு. இது பற்கள் அழுந்தும் இடத்தில் ஆயிலின் தாங்குதிறனைச் சொல்கிறது. கச்சிராயபாளையத்திலிருந்து கரியாலூர், வெள்ளிமலை என்று கல்வராயன் மலை ஏறும் ஜீப், பிக்கப் வண்டிகள் பலவற்றின் பின்அச்சில் கிரவுனும் பினியனும் உருள்வதோடு பலமாகச் சறுக்கவும் செய்கின்றன; அங்கே ஜி.எல்.5 தேவை. அதே வண்டியின் கியர் பெட்டியில் பித்தளை வளையங்கள் இருந்தால், சில ஜி.எல்.5 ஆயில்களின் கந்தகச் சேர்மானம் அவற்றை அரிக்கும், அங்கே ஜி.எல்.4 கேட்பார்கள். எண் பெரிதாக இருப்பதே மேல் என்ற கணக்கு இங்கே செல்லாது. டிராக்டரில் ஆயிலில் மூழ்கிய பிரேக் இருந்தால், கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் பிரேக்குக்கும் பொதுவான தனி ஆயில்தான் வேண்டும். அதில் சாதாரண 90 ஊற்றினால் பிரேக் உறுமும், அதிரும், ஹைட்ராலிக் தடுமாறும். இவை எல்லாம் வண்டியோடு வந்த கையேட்டில் பாகம் பாகமாக அச்சிடப்பட்டிருக்கின்றன. பின்பற்ற வேண்டியது அந்தத் தரத்தை. அது பொருந்தினால் எந்த நிறுவனத்தின் டப்பாவாக இருந்தாலும் சரி.

காரணம் தேடிய பிறகே ஊற்ற வேண்டும் என்பதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களை ஒதுக்கிவிட முடியாது. வாடகைக்கு ஓடும் வண்டி பருவத்தில் ஒரு நாள் நின்றாலும் கூலி போகிறது என்பார்கள். உண்மைதான். ஆயில் கலங்காமல் தெளிவாக இருந்து, கசிவும் சொட்டளவாக இருந்தால், அதே தர ஆயிலை ஊற்றி, தேதியையும் அளவையும் குறித்துக்கொண்டு பருவத்தை முடிக்கலாம். அந்தக் குறிப்பு, கசிவு நிற்கிறதா வளர்கிறதா என்று காட்டிக்கொடுக்கும். ஆயில் வெளுத்துப்போனால் மட்டும் அந்தச் சலுகை இல்லை. அன்றே நிறுத்துவதுதான் சிக்கனம். சீல் மாற்றும் செலவு சிறியது, பேரிங்கும் பற்சக்கரமும் போனால் வரும் செலவு மிகப் பெரியது. பழைய வண்டி என்றால் கசியத்தான் செய்யும் என்பது இன்னொரு வாதம். வயது சீலைத் தேய்க்கும் என்பது சரி. அதனால்தான் சீல் மாற்றக்கூடிய பொருளாகவே செய்யப்பட்டிருக்கிறது. கெட்டியான 140 ஊற்றினால் கசிவு நிற்கும் என்பாரும் உண்டு. சிறிது காலம் மெதுவாகக் கசியும், அவ்வளவுதான். கையேடு 90 கேட்கும் பெட்டியில் 140 ஊற்றினால், குளிர்ந்த காலையில் தெறித்து மேல் பேரிங்கை எட்ட வேண்டிய ஆயில் தாமதமாக எட்டும். எஞ்சினில் வடித்த கழிவு ஆயிலை ரோட்டவேட்டரில் ஊற்றுவது மலிவு என்பவர்கள், அதில் கரியும் அமிலமும் உலோகத் துகளும் கலந்திருப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஊற்றும் முறையிலும் கவனம் தேவை. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், ஆயில் கீழே வடிய நேரம் கொடுக்க வேண்டும். கல்வராயன் மலையில் வீட்டு வாசலும் வயல் வரப்பும் சரிவுதான். சரிவில் நின்ற பவர் டில்லரில் பார்த்த அளவு பொய் சொல்லும். சிறிய பெட்டியில் இருப்பதே கொஞ்சம் ஆயில் என்பதால், டிராக்டரில் பொருட்படுத்தாத குறைவு அங்கே பெரிய குறைவு. பக்கவாட்டில் அளவுப் பிளக் இருந்தால், அதைக் கழற்றி, துளை வழியே ஆயில் வழியத் தொடங்கும்வரை மெதுவாக ஊற்றினால் போதும். கூடுதலாக ஊற்றினால் நல்லது என்ற எண்ணமும் வேண்டாம். அளவு மீறிய ஆயில் நுரைக்கும், சூடேறும், பிரீதர் வழியே பொங்கும். திறப்பதற்கு முன் மூடியைச் சுற்றிய மண்ணைத் துடைப்பது, துடைக்காமல் ஊற்றும் எந்த விலையுயர்ந்த ஆயிலையும்விடப் பயனுள்ளது.

வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ கொட்ட வேண்டாம். டப்பாவில் மூடி வைத்து, கழிவு ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கையேடு தொலைந்திருந்தால் விற்பனையாளரிடமோ வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ உங்கள் வண்டியின் மாதிரியைச் சொல்லி, எந்தப் பாகத்துக்கு எந்த ஆயில் என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். இந்தச் சேற்றுழவு முடிந்ததும் ரோட்டவேட்டரைக் கழுவி, தண்டின் இரு முனைகளிலும் சுற்றியிருக்கும் கயிற்றையும் சோகையையும் வெட்டி எடுங்கள். பிறகு ஆயிலின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். குறைந்திருந்தால், காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு ஊற்றுங்கள்.