பொதுமக்களுக்கு வரலாறு எழுதியவர்: வில் டியூரண்ட்

வரலாற்று நூல்கள் இருவகைப்படும். ஆராய்ச்சியாளர் ஆராய்ச்சியாளருக்காக எழுதுவன ஒருவகை. பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் ஓய்வு கிடைத்தபோது படிக்கும் பொதுமக்களுக்காக எழுதப்படுவன மற்றொருவகை. முன்னது இல்லையேல் பின்னது தோன்ற வழியில்லை. பின்னது இல்லையேல் முன்னதன் பயன் கல்லூரி மதிலைத் தாண்டுவதில்லை. இந்த இரண்டாம் வகை எழுத்தில் இருபதாம் நூற்றாண்டில் பெரும்புகழ் ஈட்டியவர்களுள் ஒருவர் அமெரிக்க அறிஞர் வில் டியூரண்ட். அவருடைய வாழ்வையும் நூல்களையும் இன்று சிறிது காண்போம். அறிஞர் சொன்னதைப் பொதுமக்களுக்கு விளங்கச் சொல்லுதல் தாழ்ந்த பணியா, அன்றித் தனக்கென ஒரு கடமையுடைய பணியா என்ற வினாவிற்கும் அவர் வாழ்விலே விடை கிடைக்கக்கூடும்.

டியூரண்ட் 1885-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த் ஆடம்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். அவர் குடும்பம் பிரெஞ்சுக் கனடிய வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். மகன் சமயகுருவாக விளங்கவேண்டும் என்பது தாயின் பேராவல். ஏசுசபையார் கல்லூரியில் 1907-இல் பட்டம் பெற்ற அவர், சில காலம் செய்தித்தாள் நிருபராகவும் பின்னர் ஆசிரியராகவும் பணியாற்றி, 1909-இல் குருமடத்திற் சேர்ந்தார். ஆனால் டார்வினையும் ஸ்பென்சரையும் ஸ்பினோசாவையும் கற்ற உள்ளம் அங்கே நிலைகொள்ளவில்லை. 1911-இல் குருமடத்தை விட்டு வெளியேறி, நியூயார்க்கில் முற்போக்காளர் நடத்திய ஃபெரர் பள்ளியில் ஆசிரியரானார். அங்கே தம்மிடம் பயின்ற ஏரியல் என்னும் பெண்ணை 1913-இல் மணந்தார். அவருக்கு அப்போது பதினைந்தே வயது. இக்கால நோக்கில் நமக்கு உறுத்தும் திருமணமே இது. அதன் பொருட்டு டியூரண்ட் ஆசிரியர் பணியையும் துறக்க நேர்ந்தது. எனினும் ஏறத்தாழ 68 ஆண்டுகள் நீடித்த அந்த இல்லறமே பின்னர் ஒரு பெரும் நூல்வரிசைக்குத் துணையாயிற்று.

1917-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற டியூரண்ட், விரும்பியிருந்தால் பேராசிரியராக அமைதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவரை உருவாக்கிய இடம் பல்கலைக்கழகம் அன்று. நியூயார்க் நகரின் பதினான்காம் தெருவில் இருந்த 'லேபர் டெம்பிள்' என்னும் தொழிலாளர் மன்றம். ஒரு கிறித்தவத் திருச்சபையைச் சார்ந்த அம்மன்றத்தில் 1914 தொடங்கி ஏறத்தாழ 13 ஆண்டுகள் அவர் தத்துவமும் வரலாறும் இலக்கியமும் பற்றிச் சொற்பொழிவாற்றினார். கேட்க வந்தவர்கள் உழைப்பாளிகள். பிளேட்டோவின் பெயரைக் கேட்டதும் தலைவணங்கும் கூட்டமன்று அது. இந்தப் பழங்கதை எமக்கு எதற்கு என்று கேட்கும் உரிமையுடைய கூட்டம். அவர்களுக்கு விளங்கவும் வேண்டும், அவர்களை ஏமாற்றவும் கூடாது என்ற இரட்டைக் கட்டுப்பாட்டிலேதான் டியூரண்டின் நடை பிறந்தது.

ஒருநாள் அவ்வழியே சென்ற பதிப்பாளர் ஹால்டிமன்-ஜூலியஸ், பிளேட்டோவைப் பற்றிய அவருடைய சொற்பொழிவைக் கேட்டார். கான்சாஸ் மாநிலத்திலிருந்து 'சிறு நீலப் புத்தகங்கள்' என்ற மலிவுப் பதிப்புக்களை வெளியிட்டவர் அவர். ஒரு புத்தகத்தின் விலை ஐந்து சென்ட். சட்டைப்பையில் அடங்கும் அளவு. அச்சொற்பொழிவை நூலாக எழுதித் தருமாறு அவர் கேட்க, நேரமில்லை என்று டியூரண்ட் மறுத்தார். பதிப்பாளரோ பணத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டார்! இவ்வாறு தோன்றிய சிறு நூல்கள் பதினொன்றும் ஒன்றுசேர்ந்து 1926-இல் 'தத்துவத்தின் கதை' என்ற பெருநூலாக வெளிவந்தன. பல இலட்சம் பிரதிகள் விற்ற அந்நூல், அவரை ஊதியக் கவலையிலிருந்து விடுவித்தது. கீழ்நாட்டுத் தத்துவங்களுக்கு அதில் இடமில்லை என்று குறை கூறினார்கள். அந்தக் குறையை அவரும் ஒப்புக்கொண்டார். அதனைத் தீர்க்கும் பொறுப்பைத் தம் அடுத்த முயற்சியின் முதல் பகுதிக்கு வைத்துக்கொண்டார்.

அந்த அடுத்த முயற்சியே 'நாகரிகத்தின் கதை'. முதல் தொகுதி 1935-இலும், பதினோராவதாகிய இறுதித் தொகுதி 1975-இலும் வெளியாயின. சுமேரியா, எகிப்து, பாபிலோன் தொடங்கி இந்தியா, சீனம், ஜப்பான் வரை முதல் தொகுதி கூறுகிறது. கிரேக்கம், உரோமாபுரி, இடைக்காலம், மறுமலர்ச்சி, சமயச் சீர்திருத்தம் என்று தொடர்ந்து நெப்போலியன் காலத்தில் தொடர் நிறைவெய்துகிறது. 1967-இல் வெளிவந்த பத்தாம் தொகுதிக்கு 1968-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அரசர் பெயரும் போர்களின் ஆண்டும் மட்டுமே வரலாறு ஆகா என்பது டியூரண்டின் கொள்கை. ஒரு காலத்தை எடுத்துக்கொண்டால், அக்காலத்து உழவும் வாணிகமும், ஆட்சியும் சட்டமும், சமயமும் ஒழுக்கமும், உணவும் உடையும், கவிதையும் இசையும் சிற்பமும் விஞ்ஞானமும் ஒருசேரத் தோன்றவேண்டும் என்று அவர் கருதினார். படிப்பவரிடம் அவர் காட்டிய பரிவுக்கு ஒரு சான்று உண்டு. கதைக்கு இன்றியமையாதன அல்லாத வறண்ட பகுதிகளைச் சிறிய எழுத்தில் அச்சிடச் செய்து, விரும்பாதோர் அவற்றைத் தாண்டிச் செல்லலாம் என்று முன்னுரையிலேயே அறிவித்துவிட்டார். தம் எழுத்திலும் வறட்சி உண்டு என்று முதற்பக்கத்திலேயே சொல்லும் ஆசிரியர் அரியர் அல்லரோ?

ஆயிரக்கணக்கான குறிப்புக்களைத் திரட்டி, வகைப்படுத்தி, அடுக்கும் வேலையில் ஏரியல் தொடக்கமுதல் துணைநின்றார். ஆயினும் ஏழாம் தொகுதி வெளிவந்த 1961-இல்தான் அவர் பெயரும் ஆசிரியர் பெயராக அட்டையில் ஏறிற்று. மனைவியின் உழைப்பு நன்றியுரையிலிருந்து நூலின் முகப்புக்கு வர இருபத்தாறு ஆண்டுகள் ஆயின என்பதை நாம் மறத்தல் ஆகாது. 1977-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் இருவருக்கும் வழங்கப்பெற்றது. 1981 அக்டோபர் 25-இல் ஏரியலும், அடுத்த 13-ஆம் நாள் வில் டியூரண்டும் மறைந்தார்கள்.

இனி, குறைகளையும் கூறவேண்டும். துறைவல்லுநர் பலர் இத்தொடரை முழுமனத்துடன் ஏற்றாரல்லர். மூல ஆவணங்களினும் பிறர் ஆராய்ச்சிகளையே மிகுதியும் நம்பியது, பெரியோர் வாழ்க்கைக்கு மிகுந்த இடம் அளித்தது, விரைந்து தீர்ப்புக் கூறியது ஆகியன அவர்கள் காட்டிய குற்றங்கள். பதினொரு தொகுதிகளில் கீழ்நாடுகளுக்கெனத் தனியே கிடைத்தது ஒன்றுதான். இந்தியப் பகுதியில் மொகஞ்சதாரோவுக்கும் விசயநகரத்துக்கும் இடம் தந்தவர்தாம் அவர். ஆயினும் 1945-இல் அரிக்கமேட்டில் கண்ட உரோமாபுரி வாணிகத் தடயங்களும், 1955-இல் லோத்தலில் தொடங்கிய அகழ்வும், 2015 முதல் கீழடியில் வெளிப்பட்டனவும் அந்நூலுக்குப் பிற்பட்டவை. ஆதலின் அதனை இன்று படிப்போர், 1935-இல் அறியப்பட்ட இந்தியாவையே படிக்கிறோம் என்ற நினைவோடு படித்தல் வேண்டும்.

ஆயினும் நம் நாட்டோடு அவருக்குள்ள உறவு அத்தொகுதியோடு முடிவதன்று. நாகரிக வரலாற்றுக்காக இந்திய மக்களை நேரிற் காண விரும்பி அவர் இங்கு வந்தார். பழம்பெருமையைத் தேடி வந்தவர் கண்ணில் பட்டது மக்களின் வறுமை. எழுதிக்கொண்டிருந்த பெருநூலைச் சிறிதுகாலம் ஒதுக்கிவைத்து, 1930-இல், உப்புச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்த அதே ஆண்டில், இந்தியாவின் விடுதலைக்காக வழக்குரைக்கும் சிறு நூலொன்றை நியூயார்க்கில் வெளியிட்டார். வரிச்சுமை, நாட்டுச் செல்வம் வெளியேறுதல், கல்வியின் நிலை ஆகியவற்றை ஆங்கிலேயர் பலரது எழுத்துக்களையே சான்றாகக் காட்டி அதில் எடுத்துரைத்தார். அத்துணைச் சினத்துடன் எழுதிய நூலிலும், இங்கிலாந்தின் தரப்பு வாதத்திற்கென ஒரு தனி அதிகாரம் வகுத்தார். கட்சி பேசும்போதும் எதிர்க்கட்சியின் சொல்லைப் படிப்பவர் கேட்கட்டும் என்று விட்டாரே, அதுவே அவருடைய நேர்மை.

எளிமையாக எழுதுவோன் படிப்பவரை மதிக்கவேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்குக் கூறும் செய்தி. மதிப்பவன் வறண்டதை வறண்டது என்பான், விட்டதை விட்டேன் என்பான், மறுதரப்பை மறைக்கமாட்டான். இம்மூன்றும் இல்லாத எளிமை வெறும் கதைசொல்லலாகிவிடும்.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இது சிந்திக்கத்தக்கது. நம் பிள்ளைகள் உலக வரலாற்றை ஆங்கிலத்திலோ இந்தியிலோ பள்ளியிற் கற்கிறார்கள். வீட்டில் தமிழிலே நம்மிடம் ஐயம் கேட்கிறார்கள். அவர்களுக்கு நாம் விடை சொல்லும் ஒவ்வொரு முறையும், சிறிய அளவில், அந்தப் பதினான்காம் தெரு மன்றத்து மேடையில்தான் நிற்கிறோம். சொல்வதை விளங்கச் சொல்வோம். அறிந்த அளவே சொல்வோம். எஞ்சியதைப் பிள்ளைகளோடு சேர்ந்து நூல்நிலையத்தில் தேடுவோம்.